சாயந்தரம் அரை டேங்க், காலையில கால் டேங்க்

பெட்ரோல் டேங்க் வேலைங்கிறது கண்ணால பாக்க முடியாத வேலை. மூக்கால மோந்து, காதால கேட்டு, கடைசியில வசவையும் வாங்கிக் கட்டிக்கிற வேலை. பழைய வண்டிய வச்சுக்கிட்டு, ஏறும்போது ஒருதரம் பெட்ரோல் முள்ளப் பாத்து, இறங்கும்போது ஒருதரம் முள்ளப் பாத்துப் பெருமூச்சு விடுறவுக இதப் படிச்சீகன்னா, உங்களுக்கு நான் புதுசா ஒண்ணும் சொல்லப் போறதில்ல. சேந்து பொலம்பலாம், அம்புட்டுதான்.

எங்க பட்டறை காரைக்குடியில தேவகோட்டை ரோட்டுல இருக்கு. டேங்கு கழுவுறது, ஓட்டை அடைக்கிறது, பெட்ரோல் மீட்டர் சரி பண்றது, இதுதான் தொழில். வீட்டுக்காரருக்கு முதுகு போனதுக்கப்புறம் வேலையெல்லாம் என் தலையில. அவுக சேர் போட்டு உக்காந்துக்கிட்டு "அப்புடிப் பிடிக்காத, இப்புடிப் பிடி"ன்னு சொல்லுவாக. அந்தப் பொலம்பல ஆரம்பிச்சா இன்னைக்கு முடியாது, விடுங்க. நேமத்தான்பட்டிக் காருக்கு வாரேன்.

தீர்த்தம்

நேமத்தான்பட்டியில அண்ணன் தம்பி ரெண்டு செட்டியார்மாரு. ஒரே வீடு, நடுவுல பாகம். முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல, அம்புட்டு நீளம். பாத்திரம் பண்டமெல்லாம் பிரிச்சுக்கிட்டாக. அவுக அப்பச்சி, அதான் அப்பா, வாங்குன கறுப்புக் கார மட்டும் பிரிக்க முடியல. அதனால ஒருநாளு அண்ணன் பெரியவரு முறை, மறுநாளு தம்பி சின்னவரு முறை. டிரைவர் ரெண்டு பேருக்கும் ஒரே ஆளு, பேரு ராசு. நாப்பது வயசுக்கு மேல இருக்கும். வாய் ஓயாது, வண்டிய மட்டும் பூ மாதிரி ஓட்டுவான்.

மொத மொத அந்தக் காரு எங்க பட்டறைக்கு வந்தது, பெட்ரோல் கொறையக் கொறைய இருமி இருமி நின்னு போகுதுன்னு. டேங்க வடிச்சு கண்ணாடிப் பாட்டில்ல புடிச்சேன். மேல பெட்ரோலு, அடியில தண்ணி, கோடு போட்ட மாதிரி நிக்கிது. மழைத்தண்ணி இம்புட்டு இறங்காதேன்னு மூடியத் திருப்பித் திருப்பிப் பாக்குறேன். கூட வந்திருந்த பெரியவரு வீட்டு ஆச்சி சாவகாசமாச் சொல்றாக, வருசா வருசம் ஆயுத பூஜைக்கு ராமேசுவரத் தீர்த்தத்துல ஒரு கரண்டி டேங்குக்குள்ள ஊத்துவாகளாம். வண்டிக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு. எங்க நாத்தனா ஒருத்தி இப்புடித்தான், தையல் மிசினுக்குப் பொட்டு வைக்கிறேன்னு எண்ணெய் விடுற ஓட்டையெல்லாம் சந்தனத்த அப்பி, தீபாவளிக்குத் தச்ச ஜாக்கெட்டப் பொங்கலுக்குத்தான் போட்டா. நான் ஆச்சிகிட்ட பாட்டில நீட்டி, "பாருங்க ஆச்சி, இந்தத் தண்ணிதான் டேங்கத் துருப்பிடிக்க வச்சிருக்கு"ன்னேன். அவுக பாட்டிலக் கண்ணுல ஒத்திக்கிட்டுச் சொன்னாக: "தண்ணின்னு சொல்லாத தெய்வானை, பாவம். தீர்த்தம் எங்கயாச்சும் துருப்பிடிக்க வைக்குமா?"

டீக்கடை வந்தா நிக்கிற வண்டி

தண்ணிய எடுத்தாச்சு, துரு உள்ள கெடந்துச்சு. டேங்குக்கு அடிமட்டம் வரைக்கும் ஒரு பைப்பு போகும், அதுதான் பெட்ரோல உறிஞ்சி எஞ்சினுக்கு அனுப்புறது. அது வாயில ஒரு சல்லடை. துருவெல்லாம் ஓடி வந்து அந்தச் சல்லடையில அப்பிக்கிரும், வண்டி மூச்சு முட்டி நின்னுரும். நின்னு கொஞ்சம் ஆறுனா துரு தானா உதிந்து விழுந்துரும். மறுபடி சாவியத் திருகுனா ஒண்ணுமே நடக்காத மாதிரி கெளம்பிரும். உங்க வண்டியும் மெக்கானிக் கையில மட்டும் நல்லா ஓடுனா, டேங்குல இதுதான் நடக்குதான்னு பாத்துக்கங்க.

இதுல கூத்து என்னன்னா, கோவிலூர் போற வழியில ஒரு டீக்கடைகிட்ட வந்துதான் அது அடிக்கடி நின்னிருக்கு. ராசு இறங்குவான், பானெட்டத் தூக்குவான், ஒரு டீ குடிப்பான், வந்து ஸ்டார்ட் பண்ணுவான், வண்டி கெளம்பிரும். அவன் என்ன செய்வான், வெயில்ல நிக்கிறவன் டீதான் குடிப்பான். பெரியவரு பின் சீட்டுல உக்காந்து இத எத்தனை தடவைதான் பாப்பாரு. டேங்கக் கழட்டி, உள்ள சல்லிக்கல்லும் சோப்புத் தண்ணியும் போட்டுக் குலுக்கு குலுக்குன்னு குலுக்கி, தோள்பட்டை கழண்டு போய் நான் உக்காந்திருக்கேன். அவரு பக்கத்துல வந்து குரலத் தாழ்த்திக் கேட்டாரு: "அடைப்பு டேங்குலதான் இருந்துச்சா, இல்ல அவன் தொண்டையிலயா, உண்மையச் சொல்லு."

ராத்திரியில எறங்குற முள்ளு

அடைப்புப் போச்சு, வண்டி நல்லா ஓடுச்சு, நானும் தலை முழுகிட்டேன்னு இருந்தேன். போன மழை முடிஞ்சு கொஞ்ச நாள்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேந்து வந்தாக. சேந்து வந்தாகன்னாலே பெரிய பிரச்சினைன்னு அர்த்தம். சாயந்தரம் வண்டி முன்வாசல்ல வந்து நிக்கையில பெரியவரு முள்ளப் பாப்பாரு, அரை டேங்கு. அப்புறம் ராசு தெருவச் சுத்திக்கிட்டுப் போய் பின்வாசல் ஷெட்டுல விடுவான். காலையில சின்னவரு தன் முறைக்குப் பின்வாசல் வழியா வந்து பாப்பாரு, கால் டேங்கு. தம்பி முறைக்கு மறுநாளு அண்ணன் ஷெட்டுக்குப் போய்ப் பாத்தா அவருக்கும் அதே கதை. ஆக, ரெண்டு பேரு பெட்ரோலும் காணாமப் போகுது, நடுவுல சாவி இருக்கிறது ஒரே ஒருத்தன் கையில. பங்குனியோட அவனக் கணக்கு முடிச்சு அனுப்பிரப் போறோம், அதுக்கு முன்னால மீட்டர் சரியாத்தான் காட்டுதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிருன்னாக.

நான் தலைய ஆட்டுனா அவன் திருடன். திருட்டுப் பேரோட வெளிய போனா தேவகோட்டையில கூட ஒருத்தரும் அவன்கிட்ட ஸ்டீரிங்கக் குடுக்க மாட்டாக. ராசு எடுக்க மாட்டான்னு என்னால சத்தியம் பண்ணவும் முடியல. யாரு வயித்துல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும். டேங்குக்குள்ள மெதந்து முள்ள ஏத்தி எறக்குற மெதவை ஓட்டையான்னு பாத்தேன், நல்லா இருந்துச்சு. இருந்தாலும் புதுசு மாத்துனேன். எர்த் வயரச் சுரண்டி வச்சேன். முள்ளு எங்க பட்டறையில சொன்ன பேச்சக் கேட்டுச்சு. நேமத்தான்பட்டி போனதும் மறுபடி அதே அரை, அதே கால். ராசுவத் தனியாக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, எங்கிட்ட மட்டும் சொல்லு, எங்க போகுது?"ன்னேன். அவன் கண்ணு கலங்கிப் போய்ச் சொன்ன பதிலக் கேட்டு, நானே இவன் எடுத்திருப்பான் போலன்னு நெனச்சுட்டேன்: "எங்கயும் போகல ஆத்தா. ரோட்டுக்கு ஓட்டிட்டுப் போனா அந்தப் பெட்ரோலு திரும்பி வந்துருது."

ரெண்டு பூட்டு

திரும்பி வர்ற பெட்ரோல யாரு நம்புவா? ஓடும்போது முள்ளு வைப்பர் மாதிரி ஆடும், அதனால ரோட்டுல யாரும் அதப் பாத்ததுமில்ல. சின்னவரு டேங்கு மூடிக்குப் பூட்டு மாட்டுற கொண்டி வச்சுத் தரச் சொன்னாரு, மூடியக் கழட்டி வெல்டு வச்சுக் குடுத்தேன். அவரு ஒரு பூட்டப் போட்டாரு. தம்பி மட்டும் பூட்டுனா எப்புடின்னு பெரியவரும் ஒரு பூட்டப் போட்டாரு. அவுக வீட்டுப் பொது அறைக்கும் இதே ஏற்பாடுதான், ரெண்டு சாவியும் வந்தாத்தான் கதவு தெறக்கும். ஆனா அறை ஒரே எடத்துல இருக்கும், காரு ஓடும்ல. பெட்ரோல் போடணும்னா ரெண்டு செட்டியாரும் ஏறி உக்காந்து பெட்ரோல் பங்க்குக்கு வரணும். ஒருத்தருக்குக் காய்ச்சல்னு வைங்க, வண்டிக்கும் பட்டினி.

பூட்டுப் போட்ட மறுநாள் காலையில பாத்தாக. அதே கால் டேங்கு. நான் என்ன நெனச்சேன், இதோட அவன் மேல சந்தேகம் தீந்துரும்னு. பூட்டு பூட்டுன மாதிரி இருக்கு, மூடியில ஒரு கீறல் இல்ல, வேற என்ன சாட்சி வேணும். சின்னவரு போன்ல எங்கிட்டச் சொல்றாரு: "ரெண்டு பூட்டுப் போட்டும் எடுக்கிறான்னா, அவன் எம்புட்டுப் பெரிய கைகாரனா இருக்கணும் பாருங்க."

உருண்டு போன நட்டு

பொறுக்க முடியாம நானே ஒருநாளு காலையில பஸ் ஏறி நேமத்தான்பட்டிக்குப் போனேன். இந்த முழங்காலோட அந்த வீட்டு முன்வாசப் படி ஏறி, வளவு முத்தம் கடந்து, கட்டு கட்டாத் தாண்டிப் பின்வாசல் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கே பெட்ரோல் தீந்து போச்சு. வழியில ஆச்சி புடிச்சு உக்கார வச்சு, பணியாரம் குடுத்து, அவுக சம்பந்தி வீட்டுச் சண்டைய முக்காவாசி சொல்லிட்டாக. மீதி கால்வாசிய இன்னொரு நாளைக்கு உங்களுக்குச் சொல்றேன், நல்லாத்தான் இருக்கும்.

ஷெட்டுல டிக்கியத் தெறந்து, மெதவை இருக்கிற மூடியக் கழட்ட உக்காந்தேன். ஒரு நட்டக் கழட்டித் தரையில வச்சேன். அது உருண்டுச்சு. "ஏ, நில்லு"ன்னு நான் சொல்லச் சொல்ல, நேரா உருண்டு தெருவுக்கே போயிருச்சு. எரிச்சலோட எந்திரிச்சுப் போய் எடுத்துட்டு வந்து வச்சேன், மறுபடி உருண்டுச்சு. அப்பத்தான் தரையப் பாக்குறேன். புதுச் சிமெண்டு. மழைத்தண்ணி ஷெட்டுல தேங்குதுன்னு, தெருப்பக்கம் ஓடுற மாதிரி வாட்டம் வச்சு, பெரியவரே நின்னு போட வச்ச தரை. காரு மூக்க மேல தூக்கிக்கிட்டு, பின்பக்கம் தாழ்ந்து நிக்கிது. டேங்குல இருக்கிற பெட்ரோல் பூராம் ஒரு ஓரமாச் சாஞ்சு கெடக்கு. மெதவை இருக்கிறது எதிர் ஓரத்துல. அங்குட்டுப் பெட்ரோல் கொறச்சல், அது இறங்கித்தான உக்காரும். சமதரைக்கு வந்தா பெட்ரோல் பரவிரும், மெதவை ஏறிரும். திரும்பி வந்துருதுன்னு ராசு சொன்னது இதத்தான்.

பின்சக்கரத்துக்கு அடியில ஒரு பெரிய கல்லு வேற இருந்துச்சு. பக்கத்துல நின்ன ராசுகிட்ட "இது என்னடா?"ன்னேன். வண்டி ராத்திரி தெருவுக்கு ஓடிராம இருக்க, தரை போட்ட நாள்லருந்து தெனம் வைக்கிறானாம். உலகத்துக் கதையெல்லாம் மணிக்கணக்காப் பேசுறவன், வேலையே போகப் போகுதுன்னு அழுதவன், இத ஒரு தடவை வாயத் தொறந்து சொல்லல. ஏண்டா சொல்லலன்னு கேட்டதுக்குத் தலையச் சொறிஞ்சுக்கிட்டுச் சொன்னான்: "கல்லப் பத்தி யாரும் கேக்கலையே ஆத்தா."

தள்ளுங்கய்யா

ரெண்டு பேரையும் ஷெட்டுக்கு வரச் சொன்னேன். சாவியப் போட்டு முள்ளக் காட்டுனேன், கால் டேங்கு. பூட்டு ரெண்டும் அப்புடியே தொங்குது, பாத்துக்கிட்டாக. எஞ்சினப் போடக்கூடாது, போட்டா அவன் ஏதாச்சும் வித்தை பண்ணிருவான்னு சின்னவரு சொன்னாரு. அப்பத் தள்ளுங்கன்னு சொல்லிட்டேன். அண்ணனும் தம்பியும் வேட்டிய மடிச்சுக் கட்டி முன்பக்கம் நின்னு தள்ள, ராசு கல்ல எடுத்துட்டு பிரேக்கப் பாத்துக்கிட்டு உக்காந்தான். தெருவுல சமதரைக்கு வந்து நின்னுச்சு. முள்ளு அவசரமே இல்லாம, சோம்பல் முறிக்கிற மாதிரி, அரைக்கு ஏறுச்சு.

சின்னவரு, "அப்ப அண்ணன் போட்ட வாட்டந்தான் பெட்ரோல் திருடியிருக்கு"ன்னாரு. பெரியவரு அதக் காதுல வாங்காத மாதிரி, ராசுகிட்ட, "கோவிலூருக்குப் போகணும், வண்டிய எடு"ன்னாரு. அம்புட்டுதான். தப்பா நெனச்சுட்டோம்னு ஒரு வார்த்தை ரெண்டு பேரு வாயிலயும் வரல. எனக்கு வாய்க்குள்ள வந்துச்சு, முழுங்கிட்டேன். ராசு எறங்கி, மரியாதையாக் கையக் கட்டிக்கிட்டு நின்னான். "எடுக்கிறேங்கய்யா. ஆனா இனிமே தெனம் காலையில நீங்க ரெண்டு பேரும் இந்தத் தெருவுக்கு வந்து, முள்ளு எங்க நிக்கிதுன்னு வாய்விட்டுச் சொல்லணும். சாயந்தரமும் சொல்லணும். அப்பத்தான் என்னால வண்டிய ஓட்ட முடியும்"னான். அன்னைக்கு அவன் பேசுனது அது மட்டுந்தான்.

சொன்னத விடல அவன். முறை இல்லாதவரும் தூக்கத்துலருந்து எந்திரிச்சு வரணும். மழையா இருந்தா குடையோட வரணும். பெரியவரு "அரை"ன்னு சொன்னா, சின்னவரையும் "அரை"ன்னு சொல்ல வச்சுட்டுத்தான் வண்டிய எடுக்கிறான். பங்குனி வந்துச்சு, போச்சு, அவன ஒருத்தரும் அனுப்பல. சித்திரையில பெரியவரு தனியா பட்டறைக்கு வந்தாரு, பூட்டு ரெண்டையும் கையில கொண்டு வந்தாரு. சேர்ல உக்காந்து, எங்க வீட்டுக்காரருகிட்ட முதுகு வலியெல்லாம் விசாரிச்சு முடிச்சுட்டு எங்கிட்டச் சொன்னாரு: "தெய்வானை, அந்த மீட்டரக் கழட்டிட்டு ஓட்டைய அடச்சுக் குடுத்துரு. தெனம் இப்புடி எந்திரிச்சு வர்றதுக்கு, அவன நம்பிட்டுப் போறது சுலபமா இருக்கும் போல."

நான் கழட்டிக் குடுக்கல, ஏன்னா கழட்டுன மறுநாளே டேங்குல எம்புட்டு இருக்குன்னு கேட்டு நேமத்தான்பட்டியிலருந்து எனக்குத்தான் போன் வரும்.