பேர் போடச் சொல்லி நான் போட்ட சண்டை

நாம பத்துப் பேரு எழுதி நெட்ல போட்ட லினக்ஸ் கையேடு, இன்னைக்கு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில புக்கா தொங்குது. நம்ம பேரு இருந்த பக்கத்தை மட்டும் காணோம்.

"யாரும் காப்பி எடுக்கலாம்ணே. ஆனா எழுதினவங்க பேரைப் போடணும், அதான் லைசென்ஸ்"னு கடைக்காரர்கிட்ட எகிறினேன்.

அந்நேரம் எரியோடு ஸ்கூல் வாத்தியார் ஒருத்தர் அதே புக்கோட வேர்த்து விறுவிறுத்து வந்தார். "ஏழாம் பக்கத்துல உள்ளபடி செஞ்சேன். கம்ப்யூட்டர்ல இருந்த கொஸ்டின் பேப்பர் அம்புட்டும் அழிஞ்சு போச்சு. எவன்யா இதை எழுதுனது?"

ஏழாம் பக்கம் நான் எழுதினது. ஆளுக்கொரு பக்கம் எழுதினோமே தவிர, அடுத்தவன் பக்கத்தை எவனும் படிச்சுப் பார்க்கலை. அப்புறம் நெட்ல திருத்திட்டோம். அச்சுல இருக்கிறது பழசு.

கடைக்காரர் பேனாவை எடுத்தார். "சொல்லுங்க தம்பி, யார் யார் பேரைப் போடணும்?"

ஒன்பது பேரைச் சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

அந்த ஒன்பது பேரும் இதைப் படிப்பீங்கன்னு தெரியும். திட்டுறவங்க வரிசையா வாங்க.