தவக்காலத்து விரால்

இலங்கையில் ஓப்பநாயக்க ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. ஃபேக்டரிக்குத் தண்ணீர் தேக்கி வைக்கும் குளத்தில் புழுவோ தவளையோ இல்லாமல் மீன் பிடிப்பவள் மெட்டில்டா ஒருத்திதான். வேலை பிள்ளைக் காம்பராவில். தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். அவளைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அவளுடைய அண்ணன் செல்வநாயகம் கங்காணி அவள் பெருமையைச் சொல்லி முடிக்காமல் லேசில் ஆளை விடமாட்டார்.

அவள் தூண்டில் பிடிக்கக் காரணம் பங்களாவில் தங்க வந்த ஒரு வெள்ளைக்காரர். குளக்கட்டில் நின்று, நீளமான நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் ஆட்டி வீசினார். நூலின் நுனியில் இருந்தது சேவல் இறகு சுற்றிய சின்ன முள். தண்ணீரில் பூச்சி விழுந்த மாதிரியே விழுந்தது. லயத்து வீடுகளில் இருந்த ஆட்கள் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். மெட்டில்டா போகவில்லை. அவரோடு கித்துல்கலையிலிருந்து வந்த வழிகாட்டி அவள் கையிலும் தூண்டில் தடியைக் கொடுத்துப் பார்த்தார். அவள் அவசரப்பட்டபோதெல்லாம் "ஹெமின் நங்கி, ஹெமின்" என்று சிங்களத்தில் தங்கச்சி முறை வைத்து மெதுவாக வீசச் சொன்னார். புறப்படும் நாளில் நுனி உடைந்த தடியொன்றை அவளிடமே விட்டுப் போனார்கள். செல்வநாயகம் உடைந்த இடத்தில் பசை வைத்து, ஒரு சுற்றின் மேல் மறு சுற்று ஏறாமல் நூல் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்.

பிறகு சாயங்காலங்களில், ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, நூல் நுனியில் கம்பளித் துண்டைக் கட்டி வீசிப் பழகினாள்.

"யாரு முதுகுல போட இந்தச் சவுக்கு?" என்று கேட்டான் பக்கத்து லயத்து ஸ்டீபன்.

"கிட்ட வாங்க, காட்டுறேன்."

முதலில் அகப்பட்டவை திலாப்பியா. பாசி நிறத்துப் பச்சை நூலால் முள்ளில் போலிப் பூச்சி கட்டினால் அவை வரும் என்று அவளாகவே கண்டுபிடித்தாள். முள்ளில் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுவாள். வேண்டாத மீன் மாட்டினால் வாய் கிழியாமல் கழற்றிவிடலாம். கரையில் மணிக்கணக்கில் நின்றதில்தான் குளமும் அவளுக்குப் பழக்கமானது. ஓடை வந்து சேரும் மூலையில் சிக்கிக் கிடந்த பழைய வலைகளை இழுத்துப் போட்டாள். மருந்தடிக்கும் டாங்கியை அங்கே கழுவ வந்தவர்களோடு சண்டை பிடித்து வேறு இடத்துக்கு அனுப்பினாள். ஆனால் விராலை மட்டும் அவளால் காப்பாற்ற முடியவில்லை.

அந்தத் தோட்டத்தில் பாதிப் பேர் வேதக்காரர்கள், கத்தோலிக்கர். தவக்காலம் முடியும்வரை அவர்கள் வீடுகளில் இறைச்சி இல்லை, மீன்தான். தவக்காலம் முடிய முந்தியே மழையும் வந்துவிடும். மழையோடு விரால் குஞ்சு பொரிக்கும். செம்பு நிறக் குஞ்சுகள் ஒரே கூட்டமாக மேலே வந்து வந்து போகும். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். குஞ்சுக் கூட்டத்துக்குள் எதை வீசினாலும் விரட்ட வந்து கடிக்கும், பசியே வேண்டியதில்லை. ஸ்டீபன் போன்றவர்கள் வருஷா வருஷம் அப்படித்தான் பிடித்தார்கள். காவல் போனதும் குஞ்சுகளைத் திலாப்பியா தின்று தீர்த்தது. அந்த வருஷம் குளத்தில் ஒரேயொரு கூட்டத்தைத்தான் மெட்டில்டா கண்டாள்.

செல்வநாயகம் இது தெரியாமல் வாக்குக் கொடுத்துவிட்டார். குருத்து ஞாயிறு பூசைக்கு வரும் ஃபாதருக்குச் சாப்பாடு அவர் வீட்டில். "எங்க தங்கச்சி புடிச்ச விரால்தான் ஃபாதர் கொழம்பு" என்று போனிலேயே சொல்லியிருந்தார். கோயிலிலும் நாலு பேரிடம் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணனும் தங்கச்சியும் குளக்கட்டில் நின்றார்கள். மழை விட்டிருந்தது. நாணல் ஓரத்தில் தண்ணீர் சிவந்து குமிழியிட்டது.

"அந்தா நிக்குது! வீசு புள்ள!"

"குஞ்சு வச்சிருக்குண்ணே. வீசமாட்டேன்."

"ஒண்ணே ஒண்ணு. நான் சொல்லிட்டேனே ஃபாதர்கிட்ட."

"என்னையக் கேட்டா சொன்னீங்க?"

அவர் தடியை வாங்கித் தாமே வீசிப் பார்த்தார். நூல் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. முள் அவருடைய சட்டைக் கொலரில் மாட்டியது. மெட்டில்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு கழற்றிவிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று செல்வநாயகம் வரச் சொல்லியிருந்த ஸ்டீபன் அதற்குள் மூங்கில் தடியோடு வந்துவிட்டான். தூண்டிலில் தவளைக் குஞ்சு துடித்துக்கொண்டிருந்தது.

"கங்காணி அண்ணே, ஒதுங்குங்க. கண்ண மூடித் தொறக்க முந்திப் புடிச்சுத் தாரேன். மெட்டில்டா புடிச்சதுன்னே சொல்லிக்கங்க, எனக்கு ஒண்ணும் இல்ல."

மெட்டில்டா அவனைத் தடுக்கவில்லை. அண்ணனைத்தான் பார்த்தாள்.

"புடிக்கச் சொல்லுங்க. ஃபாதர்கிட்ட அப்படியே சொல்லிருங்க, குளத்துல இருந்த கடைசிக் குஞ்சுகள அநாதையாக்கித்தான் கொழம்பு வச்சோம்னு. பொய் சொல்லி அவருக்குச் சோறு போடாதீங்க."

ஸ்டீபன் தடியை ஓங்கியபடி நின்றான். செல்வநாயகம் வேண்டாமென்றால் நாளைக்கு எல்லாருக்கும் முன்னால் சொன்ன சொல் பொய்யாகும். சரியென்றால் குழம்பு கிடைக்கும். தங்கச்சி பிடித்தது என்று சொல்லவும் செய்யலாம். அவள் பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்லத்தான் அவருக்கு மனம் வரவில்லை. அவள் உண்மையில் செய்ததைச் சொல்லவே அவருக்கு நேரம் போதாது.

"எடுத்துக்கிட்டுப் போ ஸ்டீபன்."

"என்னண்ணே, நீங்க சொல்லித்தானே வந்தேன்?"

"நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன், போ."

ஞாயிறு மத்தியானம் கொறக்காப் புளி போட்ட திலாப்பியாக் குழம்பு. ஸ்டீபனும் சாப்பிட வந்திருந்தான். ஃபாதர் குழம்புக் கோப்பைக்குள் பார்த்துவிட்டு, "விரால் எங்க செல்வநாயகம்?" என்றார்.

"குளத்துல ஃபாதர்" என்று தொடங்கினார் செல்வநாயகம். செம்புக் குஞ்சு, காவல், நசுக்கிய முள், பச்சை நூல், பழைய வலை எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொன்னார். ஃபாதர் முள் எடுத்து எடுத்துச் சாப்பிட்டு இரண்டாம் தரமும் குழம்பு கேட்டார்.

"அண்ணே, ஃபாதரச் சாப்பிட விடுங்க" என்றாள் மெட்டில்டா.

ஸ்டீபன் கேட்டான்: "அப்ப அடுத்த ஞாயிறு பாஸ்குத் திருநாளுக்காவது விரால் உண்டா கங்காணி?"

மெட்டில்டா வாயைத் திறக்குமுன் செல்வநாயகம் முந்திக்கொண்டார். "கெடையாது. குஞ்சு கருத்துப் பிரியுற வரைக்கும் ஒருத்தனும் அந்தப் பக்கம் தூண்டில் போடக்கூடாது. நான் சொல்லிட்டேன்."

"சொன்னாப் போதுமா?" என்றாள் மெட்டில்டா. "நான் பிள்ளைக் காம்பரா விட்டு வர நேரமாகும். நான் வர்ற வரைக்கும் நீங்கதான் போய் நிக்கணும்."

ஃபாதர் சிரித்துவிட்டார். செல்வநாயகத்தால் மறுக்க முடியவில்லை. மறுநாளிலிருந்து வேலை விட்டதும் நேரே குளக்கட்டுக்குப் போனார். மழைக்குக் குடையும், அட்டை ஏறாமல் காலில் தேய்க்கச் சவுக்காரக் கட்டியும் கொண்டு போனார். தூண்டிலோடு வந்தவர்களை அவர் விரட்டவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, தங்கச்சி எப்படி இந்த வேலையைக் கற்றாள் என்று ஆரம்பத்திலிருந்து சொன்னார். பலர் அதற்குப் பயந்தே அந்தப் பக்கம் வராமல் விட்டார்கள். குஞ்சுகள் கருத்து, கூட்டம் கலைந்து, நாணலுக்குள் தனித்தனியாகப் போகும்வரை அவர் அங்கேதான் இருந்தார்.