ஒரு வளையல் பெட்டி, இரண்டு நாடுகள்

மயிலாப்பூரில் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினோம். வியாழக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருத்தி கட்டுரை படிப்பாள். நான் கடைசிப் பாயில் உட்கார்ந்து கேட்டதோடு சரி. நாற்பது வயதாகியும் நாலு பேர் நடுவில் எழுந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. என்னைக் கேட்காமலே என் நாத்தனார் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். இரண்டு சிறிய நாடுகளின் உற்பத்தி, அன்றும் இன்றும் என்பது விஷயம்.

"ஆத்துல மட்டும் மணிக்கணக்கா பேசறேளே மன்னி, அங்க வந்தா வாயில கொழுக்கட்டையா? நான் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிண்டு வந்துட்டேன், ஆமாம்!"

என்னால் அவள் தலைகுனியக் கூடாதே என்பதுதான் என் பயம்.

இவர் ஆபீஸிலிருந்து நாடுகளின் உற்பத்திக் கணக்கு அடங்கிய ஆண்டுப் புத்தகங்களை, பழையது ஒன்றும் புதியது ஒன்றுமாகக் கொண்டுவந்து கொடுத்தார். ஆஸ்திரியாவையும் செக்கோஸ்லோவாகியாவையும் எடுத்துக்கொண்டேன். வளையல் பெட்டிகளில் பார்த்துப் பழகிய பெயர்கள் அவை இரண்டும்தான். கண்ணாடிச் சாமான் பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். ஜெர்மன் சண்டைக்கு முன் ஆஸ்திரியா கொடிகட்டிப் பறந்தது. செக்கோஸ்லோவாகியாவின் பெயரே பழைய புத்தகத்தில் இல்லை. புதிய புத்தகத்திலோ நிலைமை தலைகீழ். 'ஆஸ்திரியர் அயர்ந்து தூங்கினர். புதிய நாட்டார் ஒன்றுமில்லாமல் தொடங்கி உழைத்து முன்னேறினர்' என்று எட்டுப் பக்கம் எழுதி, பெருமையோடு நாத்தனாருக்கும் படித்துக் காட்டினேன்.

புதன்கிழமை மத்தியானம் வளையல்காரி வந்தாள். ராயப்பேட்டை முஸ்லிம் பெண், என் வயதுதான் இருக்கும். என் கையைப் பிடித்து வளையல் ஏற்றினாள்.

"இன்னாம்மா, கை கட்டையாட்டம் கீது? தளத்தி உடு. நாளைக்கு மேடை ஏறப்போறேன்னு இப்பவே வெறைச்சிக்கினியா?"

நாத்தனார் அவளிடமும் சொல்லியிருக்கிறாள்! வெட்கத்தோடு, என் கட்டுரையைச் சுருக்கமாகச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே கூடையின் அடியிலிருந்து ஒரு பழைய அட்டைப்பெட்டியை எடுத்தாள். மேலே ஒட்டியிருந்த சீட்டு பாதி உரிந்திருந்தது. அதில் புதிய நாட்டின் பெயர். அதற்கு அடியில் இன்னொரு சீட்டு, அதில் ஆஸ்திரியா. இரண்டிலும் ஒரே பூ, ஒரே ஊர்ப் பெயர்.

"யாரும் தூங்கலம்மா. அதே ஊரு, அதே பட்டறை. சண்டை முடிஞ்சதும் நாட்டுப் பேரை மட்டும் மாத்தி ஒட்டிக்கினான். எங்க ஊட்டுக்காரரு அப்பவே சொன்னாரு."

அவள் போனதும் இரண்டு புத்தகங்களிலும் இருந்த தேசப்படங்களைப் பிரித்துப் பார்த்தேன். உண்மைதான். ஆஸ்திரியாவிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் புதிய நாட்டில் சேர்த்திருந்தார்கள்; எல்லைக்கோடுதான் நகர்ந்திருந்தது. கண்ணாடி ஊர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. எட்டுப் பக்கமும் பொய்யாகிவிட்டது.

மறுநாள் ஜுரம் என்று படுத்துக்கொண்டேன். நாத்தனார் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஜில்லுன்னு இருக்கு மன்னி. எழுந்திருங்கோ." விஷயத்தைச் சொன்னேன். அவள், "தப்புன்னு தெரிஞ்சும் அப்படியே படிச்சாத்தான் எனக்கு அவமானம்" என்று என் புடவையை எடுத்து நீட்டினாள்.

சங்கத்தில் எழுந்து நின்று முதல் பக்கத்தைப் படித்தேன். 'தூங்கினர்' என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன். காகிதத்தை மடித்துவிட்டு, "இது தப்பு" என்றேன். பிறகு அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல, முன்வரிசை மாமிகள் தங்கள் வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எந்த நாடு அதிகம் செய்தது என்று கேட்பதற்கு முன், அந்த நாட்டின் எல்லை எதுவரைக்கும் என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி முடித்தேன். கடைசிவரை பேச்சு தடைப்படவில்லை.

"கேள்வி உண்டா?" என்றாள் தலைவி.

ஒரு மாமி எழுந்தாள்.

"அந்த வளையல்காரி எங்காத்துப் பக்கம் வருவாளோ?"

"புதன்கிழமை வருவாள். நானே அனுப்பி வைக்கிறேன்" என்றேன். எல்லாரையும் முந்திக்கொண்டு பலமாகச் சிரித்தவள் என் நாத்தனார்தான்.