காப்பி வார்த்தை

சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மையாக இருந்தும் ஒருவர் பொய் சொல்லிவிட முடியுமா? தத்துவம் எழுதியவர்கள் இந்தக் கேள்வியைப் பலவிதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். இலத்தூர் நிர்மலாதேவி அவர்களில் யாரையும் வாசித்தவள் அல்ல. ஆனாலும் பிளஸ் டூ படிக்கும்போது, திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில், அந்தக் கேள்வி அவளிடம் வந்து நின்றது. அவள் கொடுத்த பதிலை நல்லது என்று பாராட்டவும் முடியவில்லை, தவறு என்று தள்ளவும் முடியவில்லை.

அவள் அப்படியொன்றும் கெட்டிக்கார மாணவி இல்லை. கணக்குப்பதிவியலில் சுமார். மேடை ஏறினால் மனப்பாடம் செய்தது மறந்துவிடும். ஆங்கிலத்தில் மட்டும் ஒரு பிடிப்பு இருந்தது. அதற்கும் அவளுடைய திறமையைவிட விஜயசங்கர் சார் வகுப்பில் இருந்த ஒரு வழக்கமே காரணம்.

தினமும் காலையில் அவர் கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கடினமான ஆங்கில வார்த்தையை எழுதி அர்த்தம் சொல்வார். பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், வீட்டில் யாருக்காவது தமிழில் விளக்க வேண்டும். மறுநாள் அந்த வார்த்தையை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அந்த வாக்கியம் நிஜமாக இருக்க வேண்டும், சொந்த வீட்டில் நடந்ததாக இருக்க வேண்டும். அழகான வாக்கியமாக இருந்தாலும் பொய் என்று தெரிந்தால் உட்காரச் சொல்லிவிடுவார். நல்ல வாக்கியம் சொன்ன பிள்ளைக்கு அந்த வார்த்தையே பட்டப்பெயராகிவிடும்.

ஒரு நாள் 'ரெலக்டன்ட்' வந்தது. மனமில்லாமல், அரைகுறை மனதோடு என்று அர்த்தம். கடைசி பெஞ்ச் மணிமுத்து எழுந்தான்.

"எங்க வீட்டு எருமை ரெலக்டன்ட்டா எந்திரிக்கும் சார். எங்க அப்பா அதவிட ரெலக்டன்ட்டா எந்திரிப்பாரு."

"இத உங்க அப்பாட்ட சொன்னியாலே?"

"சொன்னேன் சார். செருப்பத் தூக்கிட்டு வந்தாரு. அதுல மட்டும் ரெலக்டன்ட் இல்ல."

அன்றிலிருந்து அவன் ரெலக்டன்ட் மணிமுத்து. வருகைப் பதிவு எடுக்கும்போது சாரே இரண்டொரு முறை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்.

பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே வந்த வார்த்தை 'பாலியேட்டிவ்'. "நோயைக் குணமாக்காது. நோவை மட்டும் தணிக்கும். அப்படிப்பட்ட எதுக்கும் இதைச் சொல்லலாம்" என்றார் சார். நிர்மலாதேவி அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அப்போது அவளுடைய அப்பா சொரிமுத்து, தலைமைக் காவலராகப் பணி ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தார். வேலையின் பெரும்பகுதியைக் குற்றாலத்தில் கழித்தவர். சீசன் தொடங்கினால் பேரருவிக்கு முன்னால் மழைக்கோட்டோடு நின்று விசில் ஊத வேண்டும், குளித்தவர்களை வெளியே அனுப்ப வேண்டும், வரிசையை உள்ளே விட வேண்டும். "போதும், போதும், அடுத்த ஆளு" என்பது அவர் தூக்கத்தில்கூட வரும் வாக்கியம். இத்தனை வருடமும் சாரல் காலத்தில் அவர் அருவியைப் பார்த்து நின்றதில்லை. ஜனங்களைப் பார்த்து, அருவிக்கு முதுகைக் காட்டித்தான் நின்றார். ஓய்வு பெற்ற பிறகு வரும் முதல் சீசனில் விசில் இல்லாமல், வேட்டியோடு, வரிசையில் நின்று போய்க் குளிப்பேன் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். அந்த வருடம் சாரல் நல்ல நேரத்துக்குத் தொடங்கியது. ஆனால் அவருக்கு விடாத இருமல். நின்றதும் போகலாம் என்று இருந்தார்.

நிர்மலாதேவி வார்த்தையைச் சொன்னபோது அம்மா குருவம்மாள் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு மடக்குக் குடித்ததும் இருமல் சற்று அடங்கியது.

"பாத்தீங்களாப்பா, இந்தக் காப்பிதான் பாலியேட்டிவ். இருமல் போவாது. ஆனா கொஞ்ச நேரம் அடங்கிரும்."

"ஏட்டி, என் காப்பியக் கொற சொல்லுதியா?" என்றாள் அம்மா.

"கொற இல்லட்டி, உன் காப்பிக்கு இங்கிலீஷ்ல பேரு வச்சிருக்கா" என்று சொரிமுத்து சிரித்தார். சிரிப்பில் மறுபடி இருமல் வந்தது.

மறுநாள் வகுப்பில் அந்த வாக்கியத்துக்குக் கைதட்டல் கிடைத்தது. நிர்மலாதேவி, பாலியேட்டிவ் நிர்மலா ஆனாள்.

அடுத்த மாதம் இருமலில் ரத்தம் வந்தது. தென்காசியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே சேர்த்துப் பல பரிசோதனைகள் முடிந்த ஒரு காலையில், வடக்கிலிருந்து வந்திருந்த இளம் டாக்டர் ஒருவர் வராந்தாவுக்கு வந்தார். அவருக்குத் தமிழ் சரியாக வராது. வீட்டில் யாருக்கு ஆங்கிலம் தெரியும் என்று கேட்டார்.

குருவம்மாள் மகளின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள். "எம் மக பேசுவா சார். டெய்லி ஒரு வார்த்தை படிக்கா." அந்த இடத்தில், அந்த நேரத்தில், அவள் முகத்தில் பெருமை இருந்தது.

டாக்டர் நிதானமாகவே பேசினார். நோய் நுரையீரலைத் தாண்டிப் பரவிவிட்டது. இனி அதற்கு மருந்து இல்லை. பாலியேட்டிவ் வார்டுக்கு மாற்றலாம். வலி தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள். விரும்பினால் மாத்திரைகளோடு வீட்டுக்கும் கூட்டிப் போகலாம், இப்போது என்றால் பயணம் தாங்குவார். முடிவு உங்களுடையது.

அத்தனையும் அவளுக்குப் புரிந்தது. தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை.

"என்னட்டி சொல்லுதாரு?"

"வேற வார்டுக்கு மாத்துவாங்களாம்மா. அங்க வலி தெரியாமப் பாத்துக்கிடுவாங்களாம்."

"அப்ப நல்ல வார்டுதான்."

அவள் தலையசைத்தாள். சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. விஜயசங்கர் சார் கேட்டிருந்தால்கூட வாக்கியத்தில் குறை கண்டிருக்க மாட்டார். வார்டின் கதவுக்கு மேல் தமிழில் 'வலி தணிப்புப் பிரிவு' என்று எழுதியிருந்தது. குருவம்மாள் எழுத்துக்கூட்டி வாசித்துத் திருப்திப்பட்டாள். தமிழுக்குக் கீழே ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது.

அங்கே கொடுத்த மருந்தில் வலி குறைந்தது. சொரிமுத்து சாய்ந்து உட்கார்ந்தார், கஞ்சி குடித்தார், பக்கத்துக் கட்டில்காரரிடம் சீசன் கதைகள் சொன்னார். குணமாகி வருகிறார் என்று குருவம்மாள் ஊருக்குப் போன் போட்டாள்.

ஒரு காலையில் அவள் வெந்நீர் வாங்கப் போன நேரம், அவர் கதவைப் பார்த்துக்கொண்டே மகளைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, வெளிய எழுதியிருக்கது அந்தக் காப்பி வார்த்தைதான?"

அவள் அவர் காலடிப் போர்வையை இழுத்துவிட்டாள்.

"ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டு வரும்போதே பாத்தேன். உங்க அம்மைக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"சரி. நீயே அவகிட்ட சொல்லிரு. எனக்குச் சொல்லத் தெரியல. சொல்லிட்டு, ஊருக்குப் போயிருவோம். தண்ணி நல்லா விழுதாம். ஒரு நாளு, ஓரத்துல நின்னாக்கூடப் போதும்."

ஆயிரம் பேரை விசிலால் ஒதுக்கியவர் மனைவியிடம் ஒரு வாக்கியம் சொல்ல முடியாமல் மகளைக் கேட்டார். அதைக் கோழைத்தனம் என்று சொல்வது எளிது. அந்த வாக்கியத்தைத் தன் வீட்டில் சொல்லிப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

"நாளைக்குச் சொல்லுதேன்பா" என்றாள்.

மறுநாள் சொல்லவில்லை. அன்று குருவம்மாள் தலைக்குக் குளித்து, நெல்லையப்பர் கோயிலுக்குப் போய், சிரித்த முகத்தோடு திரும்பியிருந்தாள். அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. மகளுக்காகக் காத்திருந்து பார்த்த சொரிமுத்து, தனக்குத் தெரிந்த விதத்தில் மனைவியிடமே கேட்டார்.

"குருவு, ஊருக்குப் போவோமா? அருவிய ஒரு தடவ பாத்துட்டு வருவோம்."

"இந்த இருமலோட சாரல்ல போயி நிக்கப் போறீயளாக்கும். நல்லாக் குணமாயிட்டு வந்து நாள் முச்சூடும் குளிங்க. அருவி எங்க ஓடிரப் போவுது?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, கம்பியில் காயப்போட்டிருந்த துண்டை எடுத்து மடித்தாள். அவர் அதன்பிறகு கேட்கவில்லை.

செங்கோட்டையிலிருந்து அம்மாவின் தம்பி கடற்கரை வந்தார். புனலூருக்கும் கொல்லத்துக்கும் காய்கறி லோடு ஓட்டுகிறவர். மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், பாலியேட்டிவ் என்ற வார்த்தை தெரியாத வீடு குறைவு; வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்சுகளைக்கூட அங்கே அந்தப் பெயரால்தான் சொல்வார்கள். வார்டின் மலையாளி நர்ஸ் அந்த வார்த்தையைச் சொன்னதும், கையிலிருந்த நேந்திரங்காய்ச் சிப்ஸ் பொட்டலத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு மருமகளை வெளியே கூட்டிப் போனார்.

"ஏட்டி, இது என்ன வார்டுன்னு அக்காளுக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமா."

"அத்தானுக்கு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டார்.

"புனலூர்ல எங்க மொதலாளி அம்மைய வீட்டுலதான் வச்சிருந்தாங்க. கடைசி வரைக்கும் அந்தம்மா மாமரத்தப் பாத்துக்கிட்டே கெடந்துது. நான் இப்ப வேன் சொல்லுதேன். சாயங்காலம் அக்காட்ட நானே பேசுதேன். அழுதா அழட்டும்."

வேன் பேசிவிட்டு வந்தபோது சொரிமுத்துவுக்கு நினைவு தப்பியிருந்தது. இனி அசைக்க வேண்டாம் என்றார்கள். மறுநாள் விடியும் முன் இறந்தார். அதே வேனில்தான் கொண்டுவந்தார்கள். தென்காசியைத் தாண்டியதும் சாரல் விழ ஆரம்பித்தது. கண்ணாடியை ஏற்ற வேண்டாம் என்று குருவம்மாள் டிரைவரிடம் சொன்னாள்.

பதினாறு கழிந்ததும் கடற்கரை மருமகளிடம் சொன்னார்: "இனிமே அவகிட்டச் சொல்லி என்ன ஆவப் போவுது. என்னைக்காவது கேட்டா, தெரியாதுன்னுரு. டாக்டர் பேசுன இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் புரியலன்னுரு. அவ நம்பிருவா."

பள்ளியில் யாரும் அவளை அந்தப் பட்டப்பெயரால் அழைக்கவில்லை. மணிமுத்து அவளுக்குத் தெரியாமல் எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தான் என்று பிறகு தெரிந்தது. அவள் தினமும் வார்த்தையை எழுதிக்கொண்டாள். வாக்கியம் சொல்ல மட்டும் எழவில்லை. விஜயசங்கர் சாரும் கேட்கவில்லை. தேர்வில் ஆங்கிலத்தில்தான் அதிக மதிப்பெண். ஆங்கில இலக்கியம் எடுப்பாள் என்று நினைத்தார்கள். பி.காம். படித்து, தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள்.

குருவம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் ஒரே மாதிரிச் சொல்வாள்: "நல்லாத்தான் வந்துக்கிட்டு இருந்தாரு. திடீர்னு போயிட்டாரு. டாக்டர் பேசுனதயெல்லாம் எம் மகதான் கேட்டுக் கேட்டுச் சொன்னா." அப்போதெல்லாம் நிர்மலாதேவி அந்த இடத்திலேயே இருப்பாள். எழுந்து போனதில்லை.

இந்த வருடம் சாரல் தொடங்கிய வாரம், பக்கத்து வீட்டுத் தங்கசாமி படுக்கையில் விழுந்தார். வீடு தேடி வரும் அரசு நர்ஸ் வந்து பார்த்தாள். அவரைப் புரட்டிப் படுக்க வைக்கக் குருவம்மாள் கை கொடுத்தாள். இது என்ன வைத்தியம் என்று கேட்டதற்கு நர்ஸ் 'பாலியேட்டிவ்' என்றாள், அர்த்தமும் சொன்னாள்.

குருவம்மாள் வீட்டுக்கு வந்து வெகுநேரம் அடுப்பு பற்றவைக்கவில்லை. நிர்மலாதேவி வேலை முடிந்து வந்தபோது, வழியில் லாரியை நிறுத்திவிட்டு வந்திருந்த கடற்கரையும் அங்கே இருந்தார்.

"ஏட்டி, காப்பிக்கு ஒரு பேரு வச்சியே. அந்த வார்த்தையத்தான டாக்டர் சொன்னாரு?"

அவள் பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. அம்மாவின் பின்னால் நின்ற கடற்கரை, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"ஆமாம்மா."

"ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னாரா?"

"சொன்னாரு."

குருவம்மாள் அழவில்லை. புடவை நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். பிறகு, இதை மட்டும்தான் கேட்க வேண்டியிருந்தது போல, மெதுவாகக் கேட்டாள்.

"உங்க அப்பாவுக்கு? அவுகளுக்குத் தெரியுமா? தெரிஞ்சுதான் என்கிட்ட ஊருக்குப் போவோம்னு கேட்டாகளா?"

கடற்கரை தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லம்மா. அப்பாவுக்குத் தெரியாது" என்றாள் நிர்மலாதேவி.