இடைத்தட்டுக்காரன்

சாந்தியாகோ பேட்டையில் ஹோவாகினாவின் கையைத் தெரியாதவர்கள் கிடையாது. முகத்தைத் தெரிந்தவர்கள்தான் குறைவு. ஃபிளமென்கோ மேடையில் ஆடுகிறவளைப் பார்ப்பார்கள், பாடுகிறவனைப் பார்ப்பார்கள், கிட்டார்க்காரனின் விரலைக்கூடப் பார்ப்பார்கள். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டித் தாளம் போடுகிறவளை எவன் பார்க்கிறான்? சுவரொட்டியில் ஒருநாளும் அவள் பெயர் வந்ததில்லை. ஆனால் அவள் தட்டு பிசகினால் மேடையில் இருக்கிற அத்தனை பேரும் குப்புற விழுவார்கள். அது தெரிந்ததால் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

பகலில் ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை, சாயங்காலம் தாளம். கல்யாணம் கட்டவில்லை. கேட்டவர்களிடம், "எனக்குத் தாளத்துக்கு ஆள் இருக்கு. இன்னொருத்தன் எதுக்கு, அவன் சட்டைக்கும் இஸ்திரி போடவா?" என்பாள்.

தாளத்துக்கு இருந்த ஆள், அவளோடு ஒரே வயிற்றில் இரட்டையாகக் கிடந்து அவளுக்குப் பின்னால் வெளியே வந்த தம்பி. எங்கள் ஹித்தானோ ஜிப்சி சனத்தில் செத்தவர் பெயரைச் சொல்வதில்லை. மரியாதைக்காக என்பார்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகள். ஹோவாகினாவின் அம்மா வேறு மாதிரி சொல்வாள்: பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பெயர் சொல்லி எழுப்பினால் எழுந்து போய்விடுவார், மறுபடி வந்து உட்கார மாட்டார். எப்படியோ, அவன் பெயரை நானும் இங்கே சொல்லப் போவதில்லை.

கைத்தாளம் ஒற்றை ஆள் வேலை அல்ல. ஒருவர் நேர்தட்டுத் தட்டுவார், இன்னொருவர் இரண்டு தட்டுக்கு நடுவில் இருக்கும் சந்தில் தட்டுவார். அக்கா நேர்தட்டு, தம்பி இடைத்தட்டு. பாவாடை கட்டிய வயதிலிருந்து அப்படித்தான். ஆட்டக்காரி சுழன்று திரும்பும் இடத்தில் மட்டும் அவன் ஒரு மயிரிழை தாமதமாக வருவான். "செத்தாலும் நேரத்துக்கு வரமாட்டேடா நீ!" என்று ஹோவாகினா மேடையிலேயே பல்லைக் கடிப்பாள். அவன் சிரிப்பான். நுரையீரலில் கட்டி வந்து போன வருடம் போய்ச் சேர்ந்தான். அதற்கு மட்டும் முந்திக்கொண்டான்.

வீடு கறுப்பு உடுத்தியது. வானொலி வாய் மூடியது. நத்தைக் குழம்பென்றால் அவன் உயிரை விடுவான், அதனால் வசந்தம் வந்து தெருவெல்லாம் நத்தை கொதித்தபோதும் அவர்கள் அடுப்பில் அது ஏறவில்லை. ஹோவாகினா கைதட்டவே இல்லை. ஆனால் பழக்கம் விடுமா? ஒருநாள் இஸ்திரி மேசையில் சும்மா விரலால் தட்டினாள். நடுச்சந்தில் பதில் தட்டு கேட்டது.

இஸ்திரிப் பெட்டியை விரிப்பின் மேலேயே விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். விரிப்பு கருகி நாறியது. மறுநாள் பயந்துகொண்டேதான் தட்டினாள். கேட்டது. அதற்கடுத்த நாள் பயம் போய் ஆசை வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஒன்று பாதிரியாரிடம் இழுத்துப் போவார்கள், இல்லையென்றால் டாக்டரிடம். இருவரில் யார் குணப்படுத்தினாலும் தம்பி போய்விடுவான். அதுதான் அவளுக்கு வேண்டாம்.

துக்கம் முடிந்ததும் தம்பி மகள் கோரல் வந்து நின்றாள். பேட்டை மன்றத்தில் ஃபிளமென்கோ கச்சேரி, அவள் தனியாக ஆடப்போகிற முதல் ஆட்டம். நன்றாக அமைந்தால் செவிய்யா நகரத்துக் குழுவில் சேர்த்துக்கொள்வார்கள். பார்க்க ஆள் வருகிறது. "நேர்தட்டு நீங்கதான் அத்தை. இடைத்தட்டுக்கு எலிசேயோ" என்றாள். எலிசேயோ அவள் புருஷன். நல்ல பிள்ளை, நல்ல கை.

அடுக்களையில் ஒத்திகை. அவன் தட்ட ஆரம்பித்ததுமே ஹோவாகினாவுக்கு முகம் சுளித்தது. ஏற்கெனவே ஆள் இருக்கிற சந்தில் இன்னொருவன் முட்டிக்கொண்டு நுழைந்தால் எப்படி இருக்கும்?

"ஏண்டா, பஸ்ஸுக்கு ஓடுறியா? மேல விழாதே!"

"சரியாத்தானே அத்தை போடுறேன். யாரு மேல விழறேன்?"

கோரல் அத்தையின் கையைப் பிடித்தாள். "மேடையில இவரை மட்டும் கேளுங்க அத்தை. உங்க கை இழுத்துச்சுன்னா எனக்குக் கால் போயிடும். இது என் பொழைப்பு."

"நான் இழுப்பேனா? உங்க ஆத்தா உன்னைச் சுமக்குறதுக்கு முன்னாடியே தட்டுனவ நான்!"

சொன்னாளே தவிர, அவளுக்கே நிச்சயமில்லை.

மன்றத்தில் விளக்கேற்றும் நேரத்துக்கே கூட்டம் நெருக்கியது. முன் வரிசையில் தம்பி பெண்சாதி இன்னும் கறுப்பில் உட்கார்ந்திருந்தாள். ஓரத்தில் செவிய்யாவிலிருந்து வந்தவர். பாட்டுக்காரர் ஃபெர்மின் கிழவர் ஒரு மடக்கு மது குடித்துத் தொண்டையைச் செருமினார். கோரல் எழுந்து கையை மெல்ல உயர்த்தினாள்.

முதலில் எல்லாம் ஒழுங்காகப் போனது. "அப்படிப் போடு, கோரல்!" என்று கூட்டம் சத்தம் கொடுத்தது. பாட்டு சூடேறியபோது ஹோவாகினாவுக்கு இடது காதருகே அது கேட்டது. எலிசேயோவின் தட்டும் கேட்டது, அதற்குப் பின்னால் மயிரிழை தள்ளி, சோம்பேறித்தனமான, வறண்ட, அவளுக்கு நன்றாகத் தெரிந்த உள்ளங்கைச் சத்தமும் கேட்டது. கேட்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கை கேட்கவில்லை. அவனுக்காக நின்று நின்று தட்டியது. கிட்டார்க்காரன் திரும்பிப் பார்த்தான். கோரல் சுழன்று திரும்பினாள். தூக்கிய கால் இறங்காமல் அந்தரத்தில் நின்றது, பிறகு தப்பாக விழுந்து முழங்கால் மடங்கியது. செவிய்யாக்காரர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

பெற்றவன் இல்லாத பெண். தன்னால் விழுகிறாள். ஹோவாகினா இடது பக்கம் திரும்பி, பக்கத்தில் இருப்பவனிடம் பேசுவதுபோல, தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"போதும்டா. எழுந்து போ."

முன் வரிசை சிலுவை போட்டது. தம்பி பெண்சாதி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபெர்மினின் குரல் ஒரு கணம் அறுந்து மறுபடி ஒட்டியது. இடது பக்கம் சத்தம் நின்றுவிட்டது. எலிசேயோ மட்டும் நேரத்துக்குத் தட்டினான், சுத்தமாக, ஒரு குறையும் இல்லாமல். ஹோவாகினாவின் கை அவனைப் பிடித்துக்கொண்டு ஓடியது. கோரல் எழுந்தாள். அப்புறம் அவள் ஆடிய ஆட்டத்தைப் பற்றிப் பேட்டை இன்னும் பேசுகிறது. தரைப்பலகை புகைந்ததாகக்கூடச் சொல்கிறார்கள், பொய்தான். செவிய்யாக்காரர் நாற்காலியைவிட்டு எழுந்து நின்று தட்டினார்.

ஹோவாகினா உட்கார்ந்தே இருந்தாள். நாற்காலிக் கையில் விரலால் தட்டிப் பார்த்தாள். சந்து காலியாக இருந்தது. மறுபடி தட்டினாள். வயிற்றிலேயே கூட இருந்தவனைத் தானே துரத்திவிட்டோம் என்று நினைத்தாள். பரவாயில்லை, பிள்ளை பிழைத்தாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

கோரல் வியர்வை வழிய வந்து அவள் முன்னால் மண்டியிட்டாள். பெயரைச் சொன்னதற்குத் திட்டத்தான் போகிறாள் என்று ஹோவாகினா தலையைக் குனிந்தாள்.

"மன்னிச்சிடும்மா. என் கை இழுத்துடுச்சு. நீ விழுந்துட்டே."

"உங்க கையால நான் விழலை அத்தை." கோரல் அவள் கையைப் பிடித்தாள். "திரும்புற இடத்துல அப்பா லேட்டாத்தானே வருவாரு? அதுக்காகத்தான் காலைத் தூக்கி நிறுத்தினேன். வருஷம் பூரா எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இன்னைக்கு என் ஆட்டத்துக்கு வந்தாரு அத்தை. ஏன் அனுப்பிட்டீங்க?"