கிடைக்காதவர் வீட்டுக்கு முதலில் போன பத்மா மேடம்

செய்தி வந்தபோது நான் போனில் ஒரு மனிதருக்கு "மன்னிக்கவும்" என்று தட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கபடி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக என்னை அறிவித்து நான்கு நாள் ஆகியிருந்தது. புதுக் கோச் வந்தால் தன்னோடு யார் யார் வேலை செய்யப்போகிறார்கள் என்று ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். உதவிக் கோச் இடம் தனக்குத்தான் என்று சேகர் நம்பிக்கொண்டிருந்தார். பையன்களுக்கு உடற்பயிற்சி கொடுப்பவர், துவாக்குடிக்காரர், நல்ல உழைப்பாளி. நான் அந்த இடத்தை ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பாண்டிக்குக் கொடுத்திருந்தேன். "எதுக்குய்யா நேர்ல போய் வாங்கிக் கட்டிக்கிற? வாட்ஸப்ல ஒரு வரி போட்டு விடு" என்றார் அணியின் முதலாளி. எனக்கும் அதுதான் வசதியாகப் பட்டது.

மூன்றாவது வரியில் இருந்தபோது ஸ்ரீரங்கத்திலிருந்து அழைப்பு. பத்மா மேடத்தின் கணவர் ரங்கநாதன் சார். "செல்வம், பத்மா பெருமாள் திருவடிக்குப் போயிட்டா. கார்த்தால காபி வேணும்னா. போட்டு எடுத்துண்டு வரத்துக்குள்ள..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தால், சேகருக்கு எழுதிய பாதிச் செய்தி அப்படியே கிடந்தது. மேடம் மட்டும் அதைப் பார்த்திருந்தால் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார். அழித்துவிட்டேன்.

கொள்ளிடம் காளைகள் அணியின் மேலாளராக அவரை உங்களில் பலருக்குத் தெரியும். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் பிறந்து, வீட்டில் ஹிந்தி கிளாஸ் என்று சொல்லிவிட்டுக் கபடி ஆடப் போய், கடைசியில் அந்தக் கபடியாலேயே ரயில்வேயில் வேலை வாங்கியவர். ஓய்வுக்குப் பிறகு எங்களிடம் வந்தார். எங்களோடு பேசும்போது எங்கள் பேச்சுதான் பேசுவார். கோபம் வந்தாலோ மனசு கலங்கினாலோ மட்டும் "வாங்கோ, போங்கோ" என்று ஸ்ரீரங்கம் எட்டிப் பார்க்கும். அந்த "வாங்கோ"வைக் கேட்டால் தொண்ணூறு கிலோ பையன்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

நான் எழுத வந்தது மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு நாளைப் பற்றி. அந்த வருடம் அணி கடைசி இடத்தில் முடிந்திருந்தது. அப்போதைய தலைமைக் கோச் விலகிக்கொண்டார். நான் ஆறு வருடமாக உதவிக் கோச். முதலாளி மண்ணச்சநல்லூரில் ரைஸ்மில் வைத்திருப்பவர், மில்லுக்கே என்னை வரச்சொல்லி, "அடுத்து நீதான்யா. ஒப்புக்கு இன்னொருத்தரையும் கூப்பிட்டுப் பார்ப்போம்" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து என் மனைவி கலாவிடம் சொன்னேன். கலா லால்குடியில் அவள் அம்மாவிடம் சொன்னாள். லால்குடி முழுக்கத் தெரிந்துவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தலைமைக் கோச் மாறினால் கூட இருந்தவர்கள் எல்லோரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். புதியவர் தன் ஆட்களோடு வருவார். ஆகவே எனக்கு அன்று இரண்டே வழி. மேலே போவது, இல்லாவிட்டால் வெளியே போவது. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். எனக்குக் கபடியை விட்டால் வேறு எதுவும் தெரியாது.

ஒப்புக்குக் கூப்பிட்ட ஆள் தேவேந்தர், ஹரியானாக்காரர். ஏ.சி. அறையில் கேள்வி கேட்கும் தேர்வெல்லாம் வேண்டாம் என்றார் மேடம். "வாயால கபடி ஆட எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கு ஒரு டீம் குடுப்போம், இருபது நிமிஷம் ஆட வைக்கட்டும்." அணியையே இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி எனக்கு, ஒரு பாதி அவருக்கு. முதலாளியும் மேடமும் ஆடுகளத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

கபடி பார்க்காதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவுட்டானவர்கள் கோட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார வேண்டும். எதிரணியில் ஒருவர் அவுட்டானால் நம் ஆள் ஒருவர் திரும்ப உள்ளே போகலாம். யார் முதலில் வெளியே வந்தாரோ அவர்தான் முதலில் போக வேண்டும். நமக்குப் பிடித்தவரை அனுப்ப முடியாது. இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விதி.

என் பக்கம் நாலு பேர் வெளியே இருந்தார்கள். ஆட்டம் இழுபறி. பாடி வந்த எதிரணி ரெய்டரை என் பையன்கள் மடக்கினார்கள். நான் குதித்தேன். குதித்த வேகத்தில், என் நம்பிக்கை நட்சத்திரமான ஜீவாவின் முதுகில் தட்டி "போடா உள்ள!" என்று தள்ளிவிட்டேன். விசில் அடித்தது. ஜீவாவுக்கு முன்னால் அவுட்டானவன் பாண்டி. முறை அவனுடையது. எதிரணிக்கு ஒரு பாயின்ட். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பாண்டியிடம் போய், எல்லார் காதிலும் விழும்படி, "என் தப்புடா" என்று சொன்னேன். அதற்கப்புறம் பையன்களை விரட்டி விரட்டி ஆட வைத்து ஆறு பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயித்தேன். தேவேந்தருக்குப் பையன்களின் பெயர்கூடத் தெரியாது. ஒவ்வொருவன் வெளியே வரும்போதும் அவன் தோளைத் தொட்டு, தானே இடம் காட்டி உட்கார வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மறுநாள் சாயங்காலம் மேடம் உறையூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். போன் கூடச் செய்யவில்லை. கலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இவ்வளவு தூரம் மேலாளரே வந்தால் வேறென்ன செய்தியாக இருக்கும்? மத்தியானமே கிண்டி வைத்திருந்த கேசரியைத் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"நில்லுங்கோ, கலா. முதல்ல நான் சொல்ல வந்ததைச் சொல்லிடறேன். அதுக்கப்புறமும் குடுக்கணும்னு தோணித்துன்னா குடுங்கோ."

அந்த "நில்லுங்கோ"விலேயே நானும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

"செல்வம், முதலாளி உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டார். நான் போடலை. இன்னிக்கு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டு அவரை மாத்தினேன். தேவேந்தர்தான் கோச்."

"ஜெயிச்சது நான் மேடம்!"

"ஜெயிச்சேள். பாண்டி தன் முறைன்னு எழுந்து நின்னான். நீங்க ஜீவாவைத் தள்ளினேள். பாண்டி மறுபடி உக்காந்தான். விசில் அடிச்சது அதுக்கப்புறம். நீங்க அவன் எழுந்ததையும் பாக்கலை, உக்காந்ததையும் பாக்கலை."

"ஒரே ஒரு தடவை மேடம்! அதுக்கு என் ஆறு வருஷத்தைத் தூக்கிக் குப்பையில போடுவீங்களா?"

"உள்ள ஆடறவனை ஊரே பாக்கும். வெளியில உக்காந்திருக்கறவனைப் பாக்க கோச் ஒருத்தன்தான் இருக்கான்."

அப்புறம் நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. "எழுந்து போங்க மேடம்" என்று கத்தியதை மட்டும் எழுதுகிறேன். அவர் எழுந்திருக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "திட்டி முடிச்சுடுங்கோ. அப்புறம் போறேன்" என்றார். எனக்குத் திட்டுவதற்கு இருந்த சரக்கு பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. கலா தட்டோடு அங்கேயே நின்றிருந்தாள்.

"அந்தாளுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லை. கிடைச்சவனுக்கு நாளைக்குச் சொன்னாலும் இனிக்கும். கிடைக்காதவன் அதை அடுத்தவா வாயால கேக்கப்படாது."

பிறகு இன்னொன்றும் சொன்னார். ஆட்டம் முடிந்ததும், வேலை தனக்குக் கிடைத்தால் என்று தேவேந்தர் கொடுத்த பட்டியலில், உதவிக் கோச் இடத்தில் என் பெயர் இருந்ததாம். விசில் அடித்ததும் நான் பாண்டியிடம் போய்த் தப்பை ஒப்புக்கொண்டதைப் பார்த்துவிட்டு எழுதினாராம். "நான் சிபாரிசு பண்ணினேன்னு நினைச்சுக்காதேள். வேண்டாம்னுதான் சொன்னேன், உங்களுக்கு அவமானமா இருக்கும்னு. அவர் கேக்கலை. வரதும் வராததும் உங்க இஷ்டம்."

கலா என்ன நினைத்தாளோ, தட்டை மேடத்தின் முன்னால் வைத்தாள். மேடம் ஆறிப்போன கேசரியை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். "சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவு ஆத்திரத்திலும் கலா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் வீட்டிலேயே கிடந்தேன். மூன்றாம் நாள் மைதானத்துக்குப் போனேன். பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். போக வேறு இடம் இல்லை. தேவேந்தர் என்னைக் கட்டிப்பிடித்து ஹிந்தியில் என்னவோ சொன்னார், எனக்குப் புரியவில்லை. மேடத்தோடு ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "சரி மேடம்", "ஆகட்டும் மேடம்", அவ்வளவுதான். அவரும் என்னைச் சமாதானப்படுத்தவெல்லாம் வரவில்லை. எதிரே வந்தால் வழக்கம்போல "சாப்பிட்டாச்சா, செல்வம்?" என்பார். வெறுமனே தலையாட்டுவேன்.

அடுத்த வருடம் ஒரு ஆட்டம். ஒரு நிமிடம் பாக்கி, ஒரு பாயின்ட் பின்னால் இருக்கிறோம், மூன்று பேர் வெளியே. எங்கள் ரெய்டர் ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். கணக்குச் சமம். தேவேந்தர் பதற்றத்தில் ஜீவாவின் பெயரைக் கத்தினார். நான் ஜீவாவின் தோளை அமுக்கி உட்கார வைத்துவிட்டு, முறைப்படி போக வேண்டிய பாண்டியைத் தட்டினேன். அவன் ஏற்கெனவே எழுந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே போனவன், வந்த ரெய்டரின் கணுக்காலைப் பிடித்துக் கிடந்தான், விடவேயில்லை. ஜெயித்தோம். மறுநாள் மேடம் என்னைக் கடந்து போகும்போது "நேத்து பாத்தேன்" என்றார். அன்றைக்குத்தான் நான் பதிலுக்கு, "நீங்க சாப்பிட்டாச்சா மேடம்?" என்று கேட்டேன்.

இந்த வருடம் தேவேந்தர் சொந்த ஊருக்கே திரும்பினார். மறுபடி தேர்வு, மறுபடி இருபது நிமிட ஆட்டம். மேடம் உடம்பு பாதியாகி, ரங்கநாதன் சாரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். ஆட்டத்தின் நடுவில் திடீரென்று, "செல்வம், வெளியில யார் யார், எந்த வரிசை?" என்று கேட்டார். திரும்பிப் பார்க்காமலே ஐந்து பெயரையும் சொன்னேன். "சரி" என்றார். எனக்கு வேலை கிடைத்த செய்தியை அவர் சொல்லவில்லை. மில்லிலிருந்து கணக்கர் போன் செய்தார். மேடம் அதற்குள் தோற்றவர் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த உடம்போடு.

உத்தர வீதியில் அன்றைய காரியங்கள் முடிந்து கிளம்பும்போது ரங்கநாதன் சார் வாசல் வரை வந்தார். அவரிடம் என் பழைய கோபத்தைச் சொல்லி அழுதேன். மேடத்துக்கு இரும்பு மனசு சார், என்னைத் திட்ட விட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார் என்றேன்.

"இரும்பா? அன்னிக்கு உங்காத்துக்கு வரச்சே சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு உக்காந்துண்டு இருந்திருக்கா. எனக்குப் போன் பண்ணி, 'ஏன்னா, பயமா இருக்கு, திரும்பி வந்துடட்டுமா'ன்னா. நான் வந்துடுன்னுதான் சொன்னேன். மூணாவது பஸ்ஸுல ஏறிட்டா."

மூன்று வருடமாக எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஒரு வருடம் தலையாட்டிக்கொண்டு திரிந்திருப்பேனா? அந்தத் தெருவில் நின்று என்னை நானே வாயில் வந்தபடி திட்டிக்கொண்டேன். பிறகு முதலாளிக்குப் போன் செய்து, பட்டியலை நாளைக்கு ராத்திரி வரை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றேன்.

நேற்றுச் சாயங்காலம் துவாக்குடிக்குப் போனேன். பைக்கில் போனதால் விட்டுவிட பஸ் எதுவும் இல்லை. சேகரின் தெருவை இரண்டு முறை தாண்டிப் போனேன். மூன்றாவது முறை வண்டியை நிறுத்தினேன். கதவைத் திறந்த சேகரின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் அப்படியே ஓடிவிடலாம் போலிருந்தது. "கோச்சே வீடு தேடி வந்துட்டாங்க!" என்று உள்ளே குரல் கொடுத்தார். அவர் மனைவி காபியும் ஒரு தட்டில் மைசூர்பாகும் கொண்டு வந்தார்.

"அம்மா, முதல்ல நான் சொல்ல வந்ததைச் சொல்லிடறேன். அதுக்கப்புறமும் குடுக்கணும்னு தோணுச்சுன்னா குடுங்க."

சொன்னேன். உதவிக் கோச் பாண்டி என்றேன். முடிவு என்னுடையது, முதலாளி பேரில் பழி போடவில்லை என்றேன். பழைய வேலை அவருக்கு அப்படியே இருக்கிறது, இருப்பதும் போவதும் அவர் இஷ்டம் என்றேன். சேகர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் மனைவி தட்டோடு நின்றார். காபி ஆறியது. எழுந்து போய்விடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. எனக்கு மேடம் விட்டுப்போனது ஒன்றே ஒன்றுதான்: அந்த நேரத்தில் எழுந்திருக்காமல் இருப்பது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது. சேகர் அறை வாசலிலேயே நின்றார். கண் சிவந்திருந்தது.

"பாண்டிக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது, சேகர்," என்றேன். "உங்ககிட்டதான் முதல்ல வந்தேன்."