வாய்க்கால் திருப்பித் தந்த லேப்டாப்

ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறேன். பட்டுக்கோட்டை சாலையில், மருந்துக்கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. இத்தனை வருடத் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதிரே வருபவரின் பெயர் நினைவுக்கு வருமுன் அவருடைய எண் நினைவுக்கு வந்துவிடும். அல்வாக் கடைக்காரர் என்றால் சர்க்கரை முந்நூற்று எண்பது. ஊரையே அதட்டும் பெரிய மனிதர் ஒருவர், ஹீமோகுளோபின் எட்டு. எதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை, என் கணவரிடம்கூட. அவர் கேட்டுப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டார். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்த எண்களெல்லாம் என் தலையில் மட்டும் இல்லை, மேஜைமேல் இருந்த லேப்டாப்பிலும் இருந்தன. ஒரு மார்கழிக் காலையில் அது திறக்க மறுத்துவிட்டது. அடிப்பக்கம் பேட்டரி உப்பி, மேஜைமேல் வைத்தால் ஆடியது. பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்:

“போர்டு போயிடுச்சுங்க. ஆனா ஹார்டு டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, கவலைப்படாதீங்க.”

எனக்குக் கவலை அங்கேதான் ஆரம்பித்தது. திறந்தால் அழித்துவிடலாம். திறக்கவும் திறக்காது, உள்ளே இருப்பது சாகவும் சாகாது. பழையதைத் தன்னிடமே விட்டுவிட்டுப் புதிது எடுத்துக்கொள்ளச் சொன்னார், உள்ளே இருப்பதையெல்லாம் பிரதி எடுத்துத் தருவதாகவும் சொன்னார். நல்ல மனிதர். அவர் கடையில் எந்நேரமும் நாலு பேர் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருப்பார்கள். வேண்டாமென்று சொல்லி, திரும்ப மூடி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். புதிதை வேறு கடையில் வாங்கி, முதல் பெயரிலிருந்து ஆரம்பித்தேன்.

உள்ளே ஊரே இருந்தது என்றாலும், நான் பயந்தது ஒரே ஒரு பெயருக்காக.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருவர் வந்தார். லாரி ஓட்டிய கணவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மஞ்சக்காமாலை என்று ஊர் நம்பியிருந்தது. இவருக்கு மட்டும் சந்தேகம். எச்.ஐ.வி. பரிசோதனை செய்தேன். இருக்கிறது என்று காட்டியது. உட்காரவைத்துப் பேசி, உறுதிப்படுத்திக்கொள்ளத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இன்றுவரை மாத்திரை தவறவில்லை, என்னைவிடத் திடமாக இருக்கிறார். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த நடவுக் கோஷ்டியில் ஒருவராக வேலைக்குப் போகிறார். வயல் வரப்பில் அவர்களுக்கு ஒரு தண்ணீர்க் குடம், ஒரே சொம்பு. ஒரு சொம்பில் குடிப்பதால் அந்த நோய் வராது என்பதை நான் மேடை போட்டுச் சொன்னாலும் ஊர் கேட்காது. விஷயம் தெரிந்தால் மறுநாள் அந்தச் சொம்பை யாரும் தொட மாட்டார்கள். அதற்கு அடுத்த நாள் அவரை வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

அன்று ஆஸ்பத்திரிக்கு ஒரு தாள் கொடுத்துவிட்டு, என்னிடமிருந்த பிரதியை அவர் கண்ணெதிரிலேயே கிழித்துப் போட்டேன். யாருக்கும் தெரியாது, போய் வாங்க என்றேன். லேப்டாப்பில் ஏற்றியதைச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

இப்போது அதை எங்கே ஒழிப்பது? குப்பையில் போட்டால், குப்பை பிரிக்கும் அம்மா எடுத்துக்கொண்டு வந்து இது உங்களுடையதா என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பார். பழைய இரும்புக் கடையில் போட்டால் அது சுற்றிச் சுற்றி அதே பழுதுக் கடைக்குத்தான் போகும். தென்னைக்கு அடியில் புதைக்கலாமா என்றேன். மரம் பட்டுப்போகும் என்று என் கணவர் முறைத்தார். எங்கள் வீட்டில் கை உடைந்த மாதா சுரூபத்தைத் தண்ணீரில் விட்டிருக்கிறோம். பக்கத்து வீடுகளில் சட்டம் உடைந்த சாமி படங்களை விடுவார்கள். ஆகவே தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வரும் வழியில், நகைக்கடைத் துணிப்பையில் போட்டு முடிச்சிட்டு, வாய்க்கால் பாலத்தின் மேலிருந்து போட்டேன். தண்ணீர் பாதிக்கரைக்கு ஓடிக்கொண்டிருந்தது. பை முழுகியதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைத்தேன்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். தை பாதியில் மேட்டூர் அணையை மூடுவார்கள், மாசியில் வாய்க்கால் காயும், வைகாசியில் தூர் வாருவார்கள், இது எனக்குத் தெரியாததா? தெரிந்தும், போட்டது கடலுக்குப் போய்விட்டதாகவே நாலு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். வயலுக்குப் பாய்கிற தண்ணீரில் உப்பிய பேட்டரியைப் போட்டோமே என்ற எண்ணம்கூட வரவில்லை. படித்தவள் என்று வெளியே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

வைகாசியில் ஒரு மத்தியானம் அந்தப் பெண்ணே வந்து நின்றார். காலில் காய்ந்த சேறு, கையில் ஒயர் கூடை. கூடையிலிருந்து சாப்பாட்டுத் தூக்கை எடுத்துவிட்டு, அடியிலிருந்த என் லேப்டாப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். நூறு நாள் வேலையில் வாய்க்காலைத் தூர் வாரினார்களாம், மண்வெட்டியில் பை மாட்டியதாம். யாரும் திருடிவிடக் கூடாதென்று லேப்டாப் மூடியில் என் நிலையத்தின் ஸ்டிக்கரை நானே ஒட்டியிருந்தேன். அது எழுத்துகூட மங்காமல் இருந்தது. வேலையை மேற்பார்வை பார்க்கிறவர், பழுதுக் கடையில் கொடுத்தால் ஏதாவது தேறும் என்று கேட்டிருக்கிறார். இவர்தான் விடவில்லை.

“எவனோ திருடிட்டுப் போயி தூக்கிப் போட்டிருக்கான்க்கா. வெயில்ல வச்சு நல்லா காய வச்சுதான் கொண்டாந்தேன்” என்றார்.

புடவைத் தலைப்பால் துடைத்தும் இருந்தார். நான் நன்றி சொல்லி வாங்கி வைத்திருக்கலாம், அவரும் சந்தோஷமாகப் போயிருப்பார். ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு உட்காரச் சொன்னேன். திருட்டு இல்லை, நான்தான் போட்டேன் என்றேன். ஏன் போட்டேன் என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். லேப்டாப்பைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

“அன்னைக்குக் கிழிச்சீங்களே. அதோட போச்சுன்னு இருந்தேன்.”

பழுதுக் கடைக்குப் போன் போட்டு, நனைந்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடுமா என்று பொதுவாகக் கேட்டேன். அழியாது, காயவைத்தால் வேலை தெரிந்தவர்கள் எடுத்துவிடுவார்கள் என்றார். அழிக்கவே வேண்டுமென்றால் டிஸ்க்கைத் தனியே கழற்றி உடையுங்கள், பேட்டரிமேல் மட்டும் சுத்தியலைப் போட்டுவிடாதீர்கள், பற்றிக்கொள்ளும் என்றார். இதை மார்கழியிலேயே கேட்டிருக்கலாம்.

கதவைச் சாத்திவிட்டு அடிமூடியைக் கழற்றினோம். உள்ளங்கையில் அடங்குகிற தகரப் பெட்டிதான் டிஸ்க். அதைச் சாக்கில் சுற்றி, பின்வாசல் சிமெண்டுத் தரையில் வைத்துச் சுத்தியலை எடுத்தேன். அவர் கையை நீட்டினார், கொடுத்தேன். மூன்றாவது அடியில் உள்ளே இருந்த கண்ணாடித் தட்டு நொறுங்குகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் அவர் ஏழெட்டு அடி அடித்தார். சாக்கைப் பிரித்தபோது நசுங்கிய தகரமும் கண்ணாடிச் சில்லுகளும்தான் இருந்தன. மிச்சத்தைப் பின்னொரு நாள் மின்கழிவு வாங்க வந்த நகராட்சி வண்டியில் கொடுத்தேன்.

கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தவர் மேஜையிலிருந்த புது லேப்டாப்பைப் பார்த்தார்.

“இதுலயும் நான் இருக்கனா?”

இல்லை, இதில் இந்த வருடம் வந்தவர்கள்தான் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நம்பச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. நீங்களே பாருங்கள் என்று பெயர்ப் பட்டியலைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பார். முதல் பெயரைப் படித்தார், இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதில் நின்றார். அது அவருடைய நடவுக் கோஷ்டிப் பெண் ஒருத்தியின் பெயர். அதற்கு எதிரே என்ன பரிசோதனை, என்ன முடிவு என்பதெல்லாம் வரிசையாக இருந்தது.

அவர் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“மூடுங்கக்கா. அவங்களோடது எனக்கெதுக்கு” என்றார்.

மூடினேன். அவர் தூக்கைக் கூடையில் வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிப் போனார்.